செங்கமலம் மாமி பார்க்காத நாலு நிமிடம்

போஸ்ட் கார்டில்தான் செய்தி வந்தது. தேர்வு வேலையாக இரண்டு வாரம் வெளியூர் போயிருந்த நான் பாலக்கரை வீட்டுக்குத் திரும்பி, கதவுக்குக் கீழே தள்ளியிருந்த தபால்களைப் பொறுக்கினேன். நம் திரைப்படச் சங்கம் மாதாமாதம் அனுப்பும் கார்டும் அதில் இருந்தது. மேலே படத்தின் பெயர், எந்த நாட்டுப் படம், எத்தனை மணிக்கு என்ற விவரம். கீழே, உறுப்பினர் அட்டையைத் தவறாமல் கொண்டுவரவும் என்ற வழக்கமான வரி. அதற்கும் கீழே, இடம் மிஞ்சிவிட்டதே என்று சேர்த்ததுபோல ஒரு குறிப்பு: நம் நெடுநாள் உறுப்பினர் திருமதி ரங்கராஜன் காலமானார், படத்துக்கு முன் இரண்டு நிமிடம் மௌனம்.

திருமதி ரங்கராஜன் யார் என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கார்டைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிவிட்டு மறுபடி படித்தேன். நண்பர்களே, அவருக்குச் செங்கமலம் என்று ஒரு பெயர் இருந்தது. பன்னிரண்டு வருடம் நம்மோடு அதே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து படம் பார்த்தவர். சந்தா ரசீதில் அந்தப் பெயரைத்தான் எழுதினோம். செத்த பிறகு மட்டும் அவரை யாருடைய மனைவியாகவோ ஆக்கிவிட்டோம்.

அடுத்த நாள் நம் சங்கத் தலைவர் கோர்ட் வேலையை முடித்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கே வந்து என்னைப் பிடித்தார். "ஆரோக்யம், நம்ம ஆண்டு மலருக்கு நீங்கதான் நாலு வரி எழுதிக் கொடுக்கணும். சாந்தமான மனுஷி, பக்தி உள்ளவங்க, யார்கிட்டயும் அதிர்ந்து பேசமாட்டாங்க, அந்த மாதிரி எழுதுங்க" என்றார். சரி என்றேன். எழுதியிருக்கிறேன். நாலு வரிக்குள் அடங்கவில்லை. இதில் ஒரு சொல்லையும் வெட்டாமல் போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாந்தமாம்! மாமியின் சாந்தத்தை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் நடுவில், மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு தியேட்டரில். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அங்கே இங்கிலீஷ் படம் போடுவார்கள். வேறு கிரகத்து ஜந்து ஒன்று சுரங்கத்துக்குள் ஒளிந்துகொண்டு தொழிலாளிகளை ஒவ்வொருவராகப் பிடிக்கும் படம் அன்று. கூட்டமெல்லாம் கல்லூரிப் பையன்கள். ஜந்து வரும்போதெல்லாம் விசில். பால்கனியில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மடிசார் கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை. வழி தெரியாமல் வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். விசில் அதிகமானபோது எழுந்து நின்று, கீழே பார்த்து, "வாயை மூடிண்டு பாருங்கோடா, ஒருத்தன் உசிரைக் குடுத்துப் பண்ணியிருக்கான்" என்று ஒரு சத்தம் போட்டார். விசில் நின்றுவிட்டது. கண்டிப்பான பெரியம்மா யாரோ வந்திருப்பதாகப் பையன்கள் பயந்திருக்க வேண்டும்.

இடைவேளையில் என் பக்கம் திரும்பி, நான் ஏதோ வெகுநாள் பழக்கம் போலப் பேச ஆரம்பித்தார். "அந்தக் கையைப் பார்த்தேளா? முழங்கைகிட்ட மடங்கறச்சே சுருக்கம் தப்பா விழறது. ரப்பரை ஒரே கனமா ஊத்திட்டான். அங்க மட்டும் மெலிசா விட்டிருக்கணும். ஆனா பல்லு இருக்கே, பல்லு பிரமாதம். ஈறோட நிறத்தைப் பார்த்துண்டேளா?" நான் ஈறைப் பார்க்கவில்லை. உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயமெல்லாம் இருக்கு சார். அது ஒரு பக்கம் இருந்துட்டுப் போறது. பசை எங்க ஒட்டியிருக்குன்னு மொதல்ல பார்க்க வேண்டாமா?" என்றார்.

அவருக்கு அது தெரிந்ததற்குக் காரணம் அவருடைய தொழில். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. தினம் காலையில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, தெப்பக்குளம் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வருவார். அங்கே பின்கட்டு அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவர் வேலை. வாய்க்கு அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். யாருக்கு எந்தப் பல் கொஞ்சம் கோணலாக இருந்தது என்று பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அந்தக் கோணலையும் வைப்பார். வெளியே பெயர்ப்பலகையில் டாக்டர் பெயர். டாக்டரைத்தான் ஊர் கும்பிட்டது.

இதைப் பற்றி அவருக்கு வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். அப்போது அவர் சொன்னதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். "பல் செட் நன்னா இருந்தா யாருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா என் வேலை மோசம்னு அர்த்தம். பூதம் நன்னா இருந்தா ஊருக்கே தெரியணும். அதனாலதான் சார் எனக்குப் பூதத்தைப் பிடிக்கறது."

சங்கத்தில் அவரைச் சேர்த்தது நான். அப்போது நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். மெஷின் ஓட்டத் தெரியும் என்பதால் சங்கத்தின் பதினாறு மில்லிமீட்டர் புரொஜக்டரை என் தலையில் கட்டியிருந்தார்கள். கல்லூரி ஹாலில் கறுப்புத் திரைச்சீலை போட்டு, மாதம் ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்குப் படம். ஐரோப்பியப் படங்கள், பெங்காலிப் படங்கள், யாராவது ஒருவர் வெகுநேரம் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிற படங்கள். படம் முடிந்ததும் விவாதம். வக்கீல்கள், பேராசிரியர்கள், ஆபீசர்கள். மாமி ஒருவர்தான் பெண். அந்தப் படங்களையும் அவர் ஒழுங்காகப் பார்த்தார், நம்மில் பாதிப் பேர் தூங்கியபோதும் பார்த்தார். போர்க்களத்துப் படம் ஒன்றைப் பற்றி எல்லோரும் தத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது, குண்டுபட்ட சிப்பாயின் காயத்தில் ஓரம் உலராமல் இருந்ததைச் சொல்லி, "அந்த டைரக்டர் செத்தவனைக் கிட்டக்கப் பார்த்திருக்கார்" என்றார். அன்றைய விவாதத்தில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான விஷயம் அதுதான். மினிட் புத்தகத்தில் அது ஏறவில்லை.

ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் எழுந்து நின்று அவர் ஒரே ஒரு படத்தைக் கேட்டார். சின்னக்கடை வீதிப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அதைப் பற்றிப் படித்திருந்தார். ஒரு தீவில் வானிலை ஆராய்ச்சி நிலையம். ஒருநாள் மழையோடு ஏதோ விழுகிறது. நிலையத்தின் காவலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. படத்தின் நடுவில் அவன் குப்புறப் படுத்திருக்க, முதுகு பிளந்து உள்ளிருந்து ஒன்று வெளியே வருகிறது. நாலு நிமிடம், ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. எல்லாம் ரப்பரும் கம்பியும் கையும். அதைச் செய்தவரின் பெயரை மாமிக்கு உச்சரிக்க வராது, "அந்த மனுஷன்" என்பார். அந்த மனுஷன் அந்த ஒரு முதுகுக்காக ஆறு மாதம் உட்கார்ந்தாராம். பத்திரிகையில் இரண்டு போட்டோ இருந்தன. ஒன்றில் மேஜைக்கு அடியில் நாலு பேர் மல்லாந்து படுத்து, கையை மேலே விட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

ஐந்து வருடம் கேட்டார். ஐந்து வருடமும் சிரித்தோம். தலைவர் சொல்லுவார்: "மாமி, இது பேய்ப்பட சங்கம் இல்லீங்க. நமக்குன்னு ஒரு தரம் இருக்கு, பாருங்க." மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, மாமி உட்காரவில்லை. "உங்க படத்துல ஒரு கிழவர் அரை மணி நேரம் நடக்கறார், நீங்க கண்ணைத் தொடைச்சுக்கறேள். இந்தப் படத்துல ஒருத்தன் ஆறு மாசம் உக்காந்து ஒரு முதுகைச் செஞ்சிருக்கான், அதுக்குச் சிரிக்கறேள். தூணைப் பிளந்துண்டு சிங்கம் வந்து ஒருத்தன் குடலை மாலையாப் போட்டுண்டதை எங்காத்துக்குப் பக்கத்துல மேட்டழகியசிங்கர் சன்னிதியில தினம் சேவிக்கறோம். முதுகைப் பிளந்துண்டு வந்தா மட்டும் தரம் போயிடுமோ?" என்றார். அடுத்த தீர்மானத்துக்குப் போனோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். எழுதிவிடுகிறேன், பிறகு ஒரேயடியாக எல்லோரையும் திட்டியதாக ஆகிவிடக் கூடாது.

கடைசியில் சங்கம் கொண்டுவரவில்லை, மாமியே கொண்டுவந்தார். மெட்ராஸில் இருக்கிற ஒரு வெளிநாட்டு நூலகத்துக்கு அவரே இங்கிலீஷில் கடிதம் எழுதியிருக்கிறார். ஒன்றல்ல, விடாமல் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தின் பிரதி ஒன்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, திருப்பிக் கப்பலேறும் முன் ஒரு நாள் உங்களுக்குத் தரலாம் என்று பதில் வந்தது. அந்த மாதம் நாம் ஏற்பாடு செய்திருந்த படமும் வரவில்லை என்று தகவல் வந்துவிட்டது. தலைவருக்கு வேறு வழியில்லை. ஞாயிறு மாலை காட்டிவிட்டு அன்றைக்கே ரயிலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கே நம் சங்கத்தின் ஒரு வழக்கத்தை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கல்லூரி ஹால் என்பதால் கண்ணியத்துக்குப் பங்கம் வராமல் காட்டுவோம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். முன்கூட்டிப் படத்தைப் பார்க்க நேரமும் இருக்காது, பிரதியை வெட்டவும் முடியாது. அதனால் புரொஜக்டருக்குப் பக்கத்தில் பழைய காலண்டர் அட்டை ஒன்று இருக்கும். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவர், தகாத காட்சி வருவதாகத் தோன்றினால் கையிலிருக்கும் டார்ச்சை இரண்டு முறை அடிப்பார். நான் அட்டையை எடுத்து லென்ஸுக்கு முன்னால் பிடிப்பேன். படம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், சத்தமும் வரும், திரை மட்டும் இருட்டு. மறுபடி இரண்டு முறை டார்ச் அடித்தால் அட்டையை எடுப்பேன். எத்தனையோ முத்தங்கள் அந்தக் காலண்டர் அட்டையில்தான் முடிந்தன. இதை நாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். படம் முடிந்து டீ குடிக்கும்போது, அட்டை மறைத்த நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று கிண்டல் பேசுவோம்.

அந்த ஞாயிறு மாமி வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது வரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் இரண்டு மூன்று முறை துடைத்தார். முதல் ரீல் முடிந்து விளக்குப் போட்டபோது திரும்பி என்னைப் பார்த்து, "அடுத்ததுலதான் சார்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனித முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாவது ரீலில் அந்தக் காவலாளி வந்தான். சட்டையைக் கழற்றினான். குப்புறப் படுத்தான். முதுகு திரை முழுக்க வந்தது. தோலுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. தோலின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. டார்ச் இரண்டு முறை அடித்தது.

நான் அட்டையைப் பிடித்தேன்.

யோசித்தெல்லாம் பிடிக்கவில்லை. ஐந்து வருடமாக அந்த டார்ச்சுக்குப் பழகிய கை. ஆனால் பிடித்த பிறகு யோசிக்க நாலு நிமிடம் இருந்தது. இருட்டில் மாமியின் குரல் கேட்டது: "அட்டையை எடுங்கோ!" ஹாலே கேட்கிற குரல். தலைவர் தன் நாற்காலியிலிருந்தே, "லேடீஸ் இருக்காங்க, இருக்கட்டும்" என்றார். லேடீஸ்! அந்த ஹாலில் இருந்த ஒரே லேடி செங்கமலம் மாமி. அவருக்காக, அவர் ஐந்து வருடம் கேட்டு, கடிதம் எழுதி வரவழைத்த காட்சியை, அவர் கண்ணிலிருந்து மறைத்தோம். "ஆரோக்யம் சார், அட்டையை எடுங்கோ" என்று மறுபடி கத்தினார். நான் எடுக்கவில்லை. அந்த வருடம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. கல்லூரி நிர்வாகத்தில் தலைவருக்குச் செல்வாக்கு இருந்தது. காரணம் இதுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

திரையில் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் வந்தது. துணி கிழிவது போல, பிறகு ஈரமாக, பிறகு எதுவோ மூச்சு வாங்குவது போல. சில பேர் சிரித்தார்கள். டார்ச் மறுபடி அடித்தபோது திரையில் காலியான கட்டிலும் உடைந்த ஜன்னலும்தான் இருந்தன.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மாமி எழுந்து வந்தார். அந்த ரீலை மட்டும் திருப்பிச் சுற்றி ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டார். பத்து நிமிட வேலை. ரயிலுக்கு நேரம் இருந்தது. "வேண்டாம்ங்க, உங்க நல்லதுக்குத்தான் மறைச்சோம், அது பார்க்கிற மாதிரி இருக்காது" என்று தலைவர் சிரித்தார். அப்போதுதான் மாமி அதைச் சொன்னார். "உங்க வாயில மேல் வரிசை முழுக்க நான் பண்ணினது. இத்தனை வருஷமா அதைக் காட்டிண்டுதான் சிரிக்கறேள், கோர்ட்ல பேசறேள். யாராவது டார்ச் அடிச்சு மூடச் சொன்னாளா?"

தலைவருக்குக் கட்டிய பல் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது, அவ்வளவு நல்ல வேலை. அவர் உதட்டை மூடிக்கொண்டார். படப்பெட்டி ரயிலுக்குப் போனது.

அடுத்த நாள் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் வேறு எதற்கோ கலங்கிப்போயிருந்தார். "தப்புப் பண்ணிட்டேன் சார். யார் வாயில என்ன இருக்குன்னு வெளியில சொல்லப்படாது. எங்க தொழில்ல அதைவிடப் பாவம் கிடையாது. கோபப்பட்டது தப்பில்லை, அதைச் சொன்னதுதான் தப்பு." தலைவருக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினார். பல்லைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் மன்னிப்பு, மற்ற எதற்கும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் படித்துப் பார்த்தேன். அடுத்த செயற்குழுவில் தலைவர் அதன் முதல் பாதியை மட்டும் வாசித்தார். 'உறுப்பினர் தம் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தார்' என்று மினிட் புத்தகத்தில் ஏறியது. இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலும் நான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தப் பல் விஷயத்தை அச்சில் எழுதுவதை மாமி விரும்பமாட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி, எனக்கு உங்கள் தர்மம் இல்லை.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது மாமி என்னிடம் ஒன்று கேட்டார். "சார், படம் உள்ள ஓடிண்டுதானே இருந்தது? அப்போ அத்தனையும் உங்க அட்டையில விழுந்திருக்கணுமே. என்ன பார்த்தேள்?" நான் இயற்பியல்காரன், விளக்கினேன். லென்ஸின் குவியம் தூரத்துத் திரைக்கு வைத்திருந்தது, இவ்வளவு கிட்டத்தில் உருவம் எதுவும் தெரியாது, ஒளி மட்டும் ஒரு திட்டாக ஆடிக்கொண்டிருந்தது என்றேன். கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். "அது ஒளி இல்லை சார். ஒருத்தனோட ஆறு மாசம்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் படத்தை மறுபடி கேட்கவில்லை. ஆனால் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஏழெட்டு மாதம் கழித்து என்னைப் பின்கட்டு அறைக்கு வரச் சொன்னார். மேஜையில் ஈரத்துணி மூடிய ஒரு தட்டு. துணியை எடுத்தார். மனித முதுகின் ஒரு துண்டு, உள்ளங்கையை விரித்த அளவு. மச்சமும் மயிர்க்காலும் வியர்க்குருவும் வைத்திருந்தார். கீழே ஒரு பலூன், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் சைக்கிள் பம்ப். "அன்னிக்கு நான் பார்க்கலை, ஆனா கேட்டேன் சார். மொதல்ல துணி. அப்புறம் ஈரத்தோல். நடுவுல காத்து சீறித்து, கவனிச்சேளா? அப்போ உள்ள பை வெச்சு ஊதியிருக்கான், கம்பியால இழுக்கலை. பத்திரிகையில தப்பாப் போட்டிருக்கான்." பம்பை மெதுவாக அழுத்தினார். தோலுக்குக் கீழே ஒன்று புரண்டு எழுந்தது. நாற்காலியோடு நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். எல்லாம் என் கண் முன்னால், பட்டப்பகலில், பலூனும் பம்பும் தெரியத் தெரிய. மாமி வாய்விட்டுச் சிரித்தார். "திரையில இருக்கறது பொய்தான். ஆனா அங்க ஒரு சாமான் இருக்கு. கையால தொட்டா கையில ஒட்டும். அதனாலதான் உடம்பு நம்பறது" என்றார்.

சரியாக வந்ததா என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? அசலைப் பார்த்திருந்தா தெரியும்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை, தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார். ஒரு வாரத்தில் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டார்.

பிறகு ஊருக்கு வீடியோ வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடைகள் முளைத்தன. கடை கடையாக நான் கேட்டேன். வளைகுடாவில் இருக்கும் என் மச்சானுக்கு எழுதினேன். எந்தெந்தப் படமோ வந்தது, அந்தப் படம் மட்டும் வரவில்லை. இந்தத் தேடலை என் நல்ல குணத்துக்குச் சாட்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று ஒரு கையைக் கீழே இறக்கியிருந்தால் போதும். மூன்று நாள் காய்ச்சலில் மாமி போய்விட்டார். அந்த நாலு நிமிடத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

கார்டு பார்த்த மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவர் கணவர் ரங்கராஜன் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. சங்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரச் சொன்னார். "அவளுக்கு அந்தப் படங்கள்ல என்ன இருந்ததுன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. பூதம்னாலே நான் கண்ணை மூடிண்டுடுவேன். ஆனா அந்த ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வந்தவ தளிகை உள் பக்கமே போகலை, அடுப்பைத் தொடலை. நான்தான் ஒரு சாத்தமுது வெச்சேன். சாப்பிடறச்சே எல்லாத்தையும் சொன்னா. டார்ச் அடிச்சது யாருன்னு சொன்னா. அட்டையைப் பிடிச்சது யாருன்னு மட்டும் சொல்லலை. எத்தனையோ தடவை கேட்டேன், 'யாரோ பாவம், வேலைக்குப் பயந்தவர்'னு முடிச்சுடுவா. நீங்க அன்னிக்கு இருந்தேளா? யார் அது?"

நான்தான் என்றேன்.

வெளியே போகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். நாலு என்றேன். "நாலு நிமிஷம் தூக்கிப் பிடிச்சிண்டே இருந்தா கை வலிச்சிருக்குமே" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று அவர் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

தலைவர் அவர்களே, நண்பர்களே, உங்கள் இரண்டு நிமிட மௌனத்தை எழுந்து நின்று முடித்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓட்ட நான் வருவேன். டார்ச் அடிக்கிறவர் அடிக்கலாம். மறைக்க வேண்டுமென்று தோன்றினால் எழுந்து வந்து உங்கள் கையாலேயே மறைத்துக்கொள்ளுங்கள்.

இரங்கல் கட்டுரை எழுதுகிறவர்கள் முடிவில் இறந்தவரின் சிரிப்பையோ அன்பையோ வைத்திருப்பதாகச் சொல்வார்கள். என்னிடம் இருப்பது வேறு, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாமி இரண்டு முறை கத்தியதுதான் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது முறையும் கேட்டார். இருட்டில் நாற்காலிகளைத் தடவிக்கொண்டு எழுந்து வந்து, புரொஜக்டருக்குப் பக்கத்தில், என் தோளுக்கு அருகில் நின்றார். கத்தவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. "ஆரோக்யம், இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. எடுப்பா" என்றார். என் தங்கை கேட்பதுபோல இருந்தது. காட்சி பாதி மிச்சம் இருந்தது. நான் முன்வரிசையில் டார்ச் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, இருட்டுத் திரையைப் பார்த்தபடி மீதியைக் கேட்டார்.

அந்த "எடுப்பா"தான் என்னிடம் இருக்கிறது.